மண் சுமந்தவர்களின் கால்வாய்

சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறினால், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு நிலையத்தின் பெயர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில். அடையாற்றைத் தாண்டினால் கஸ்தூரிபா நகர், அதற்கடுத்து இந்திரா நகர். ஓர் அம்மன், ஒரு காந்தியின் மனைவி, ஒரு பிரதமர். பெண் பெயர் தாங்கிய மூன்று நிலையங்களை ஒரே தடத்தில் பார்ப்பது நம் ஊரில் அபூர்வம். அந்தத் தடத்தின் பெரும்பகுதிக்கு அடியில் ஓடும் நீருக்கு மட்டும் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பெயர். பக்கிங்காம் கால்வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தக் கால்வாயைப் பார்ப்பதற்கென்றே கிளம்பிப் போனேன். நண்பர்கள் சிரித்தார்கள். “மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற இடத்துக்கு யாராவது சுற்றுலா போவார்களா?” என்றாள் ஒருத்தி. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையத்தில் இறங்கி, கீழே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கால்வாய்க்கரைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அது கூவம்மா. அங்க போயி என்ன பண்ணப் போற?” என்றார். கூவம் வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கறுத்து நாறும் எந்தத் தண்ணீருக்கும் இந்த நகரத்தில் கூவம் என்றுதான் பெயர். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்த நீர் ஒரு முனையில் கூவத்தில்தான் போய்ச் சேர்கிறது.

சேப்பாக்கத்தருகே கூவத்திலிருந்து பிரிந்து, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாறு வரை வரும் இந்தத் துண்டின் நீளம் சுமார் 8 கிலோமீட்டர். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளும் கால்வாயில் இது மிகச் சிறிய பகுதி. ஆனால் நான் பார்க்க விரும்பியது இதைத்தான். ஏனென்றால் இந்த 8 கிலோமீட்டரும் பஞ்சத்தில் தோண்டப்பட்டது.

கால்வாயின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1806-இல் பேசில் கோக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். அதனால் முதலில் அதற்குக் கோக்ரேன் கால்வாய் என்று பெயர். 1837-இல் அரசு அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு ஏரி தாண்டியும், தெற்கே அடையாற்றுக்கு அப்பாலும் துண்டு துண்டாக நீட்டினார்கள். கடலில் புயலும் அலையும் இருந்தாலும், கரையை ஒட்டிய இந்த அமைதியான நீரில் படகுகள் போய்வரலாம். ஆனால் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. வடக்கிலிருந்து வரும் படகு கூவத்தோடு நின்றது. தெற்கிலிருந்து வரும் படகு அடையாற்றோடு நின்றது. இரண்டையும் இணைக்க நகரத்தின் நடுவே மண்ணை வெட்ட வேண்டும். அதற்கு ஏராளமான ஆட்கள் வேண்டும். 1877-இல் அந்த ஆட்கள் கிடைத்தார்கள், மிக மலிவாக.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1876-இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் காலை வாரியது. தானிய விலை ஏறியது, ஏற்றுமதி மட்டும் நிற்கவில்லை. முதலில் வேலையிழந்தவர்கள் கூலிக்காரர்கள், நிலமற்ற தலித் மக்கள், நெசவாளர்கள், கைவினைஞர்கள். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. உயிர் பிழைத்தவர்கள் சாலையோரமாக நகரத்தை நோக்கி நடந்தார்கள். பலர் கப்பலேறி மொரிஷியஸ் தோட்டங்களுக்கும் நேட்டால் தோட்டங்களுக்கும் போனார்கள்.

அரசு சும்மா சோறு போடாது, வேலை செய்தால்தான் கூலி என்பது அன்றைய கொள்கை. அதன்படி சாலை போடுவது, கல் உடைப்பது, குளம் தூர்வாருவது, கால்வாய் வெட்டுவது என்று நிவாரணப் பணிகள் தொடங்கின. 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் பெரும் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் அதே ஜனவரியில் கூலியைக் குறைத்தார். நாள் முழுவதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடவும் குறைவு. ஒரு பெண் பேரரசியாக முடிசூட்டிக்கொண்ட மாதத்தில்தான் மண் சுமக்கும் பெண்ணின் கஞ்சி அளவு குறைந்தது.

450 கிராம் அரிசியில் சுமார் 1,600 கலோரி இருக்கும். வெயிலில் மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது எந்த மூலைக்கு? சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று ஆனது. எத்தனை அவுன்ஸ் உணவில் ஒரு கூலியாள் சாகாமல் இருப்பார் என்று அதிகாரிகள் காகிதத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அந்தக் கூலியாட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணுக்கு ஏன் குறைவு? பெண் குறைவாகச் சாப்பிடுவாள், குறைவாக உழைப்பாள் என்ற எண்ணம் அந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. மண் வேலை நடக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். வெட்டுகிறவன் ஓரிடத்தில் நிற்கிறான். சுமக்கிறவள் சும்மாடு கட்டிய தலையில் கூடையை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறாள், கொட்டிவிட்டு இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். கால்வாய் ஆழமாக ஆக அவள் ஏற வேண்டிய உயரம் கூடிக்கொண்டே போகும். இந்த நடையை யாரும் அளப்பதில்லை. வெட்டிய மண்ணைத்தான் அளப்பார்கள். அவளிடம் கைக்குழந்தை இருந்திருக்கலாம், வயிற்றில் இன்னொன்று இருந்திருக்கலாம். வேலைத்தளங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இருப்பதே நல்லது, உண்மையிலேயே பட்டினி கிடப்பவர்கள் மட்டும் வருவார்கள் என்ற ‘தூரச் சோதனை’யும் அந்தக் காலத்து நிவாரண முறைகளில் ஒன்று. குழந்தைகளையும் முதியவர்களையும் யாரிடம் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வருவாள் என்ற கேள்வி அதை வகுத்தவர்களுக்கு எழவில்லை.

இன்றும் கட்டட வேலையில் பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். சிற்றாள், சின்ன ஆள். அதே வேலைக்கு வரும் ஆண் பெரியாள். கூலியும் அந்தப் பெயருக்கேற்பத்தான். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று எழுதியபோது, தமிழ்நாட்டில் அந்த நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. டெம்பிளின் கூலிப் பட்டியலிலிருந்து அந்த ஒரு வரிக்கு வர நமக்கு 128 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கால்வாயை வெட்டிய பெண்களில் ஒருத்தியின் பெயராவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்தேன். அப்போது ஆளுநராக இருந்தவர் மூன்றாம் பக்கிங்காம் கோமகன். கால்வாய் 1878-இல் அவர் பெயரைப் பெற்றது. கோக்ரேனின் பெயர் தெரியும், டெம்பிளின் பெயர் தெரியும், கார்னிஷின் பெயர் தெரியும். பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதிய பத்திரிகையாளர் வில்லியம் டிக்பியின் பெயர் தெரியும். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்த வில்லோபி ஹூப்பரின் பெயரும் தெரியும். அந்தப் படங்களில் பெண்கள் இருக்கிறார்கள். மடியில் குழந்தையோடு கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். படமெடுத்தவருக்கு இருக்கும் பெயர் அவர்களுக்கு இல்லை.

அந்தக் காலத்துப் பட்டினியைப் பற்றி எழுத வாய்த்த பெண் ஒருவர் உண்டு. பண்டித ரமாபாய். 1870களில் சென்னை மாகாணத்தில் அலைந்து திரிந்த அவருடைய குடும்பத்தில் அப்பாவும் அம்மாவும் அக்காவும் பட்டினியின் பிடியில் இறந்தார்கள். பின்னாளில் அந்த அனுபவத்தை அவரே எழுதினார். சமஸ்கிருதம் படித்த குடும்பத்துப் பெண் என்பதால் அவருக்கு எழுத்து வாய்த்தது. அவர் எழுத்தில்கூட, கூலி வேலைக்குப் பழகாத குடும்பம் எப்படிப் பட்டினி கிடந்தது என்பதுதான் நமக்குக் கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போயும் பட்டினி கிடந்தவர்களின் எழுத்து நம்மிடம் இல்லை.

மதுரைக்காரர்கள் சொல்லும் கதை ஒன்றும் உண்டு. தாசி குலத்தில் பிறந்த குஞ்சரத்தம்மாள் தாது வருஷத்தில் தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார், கடைசியில் தானே ஒன்றும் இல்லாமல் போனார் என்பார்கள். அரசு ஒரு பவுண்டா ஒன்றரைப் பவுண்டா என்று கணக்குப் பார்த்த நாட்களில், ‘நல்ல குடும்பம்’ என்று சமூகம் ஒப்புக்கொள்ளாத ஒரு பெண் கணக்குப் பார்க்காமல் ஊற்றியதை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கொடுத்த பெண்ணின் பெயராவது வாய்வழியாகத் தங்கிவிட்டது. உழைத்த பெண்ணின் பெயர் தங்கவே இல்லை.

அவர்கள் வெட்டிய கால்வாய் யாருக்குப் பயன்பட்டது? வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகு வந்தது. நெல் வந்தது, மீன் வந்தது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு வந்தது. சென்ட்ரல் பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் என்று இன்றும் வழங்கும் இடம், கால்வாய்வழி வந்த உப்பைக் குவித்து வைத்த இடம்தான். உப்பு அரசின் ஏகபோகம். பஞ்சம் ஓய்ந்தும் ஓயாத 1878-இல் சென்னை மாகாணத்தில் உப்பு வரியை உயர்த்தினார்கள். கூழில் போடுவதற்கு உப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத வீடுகளில் அந்த வரியை யார் உணர்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மண் சுமந்து வழி வெட்டிக் கொடுத்தவள், அந்த வழியாக வந்த உப்பை முன்னைவிட அதிக விலைக்கு வாங்கினாள்.

இந்த நகரத்தின் அடுப்புகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கால்வாயை நம்பி எரிந்தன. மயிலாப்பூரில் வளர்ந்த என் அம்மா, சின்னப் பெண்ணாக இருந்தபோது கால்வாய்க்கரை விறகுத் தொட்டிக்குப் பாட்டியோடு போனதைச் சொல்வார். சவுக்குக் கட்டை ஏற்றிய படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வருவார்களாம். ஈர விறகை எடை போட்டு ஏமாற்றுகிறான் என்று பாட்டி தினமும் சண்டை போடுவாராம். “உங்க பாட்டி சண்டை போடாம விறகு வாங்கி நான் பாத்ததே இல்ல” என்பார் அம்மா. 1934-இல் பாரதிதாசன் தோழர்களோடு இதே நீர்வழியில் படகில் மாமல்லபுரம் போய் அதைக் கவிதையாக்கினார். கால்வாய் இலக்கியத்தில் இடம்பிடித்தது அப்படித்தான். புகை கக்கும் ஈர விறகை ஊதி ஊதி எரித்த பெண்களின் கால்வாய் அம்மாவின் பேச்சில் மட்டும் இருக்கிறது.

1960களின் புயலும் 1976-இல் அடித்த புயலும் கால்வாயைச் சிதைத்தன. லாரியும் ரயிலும் படகின் வேலையை எடுத்துக்கொண்டன. கழிவுநீர் உள்ளே வந்தது. பிறகு பறக்கும் ரயில் வந்தது. 1990களில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை, தூண்களை அந்தக் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயும் நட்டார்கள். அடுத்த கட்டம் அடையாறு தாண்டித் தெற்கே போனது. நிலம் எடுக்க வேண்டிய அவசியம் குறைவு, எதிர்ப்பும் குறைவு. பஞ்சத்தில் தோண்டிய 8 கிலோமீட்டரில் இன்று நடந்தால் தலைக்கு மேல் கான்கிரீட்டும் காலுக்குப் பக்கத்தில் கருநீருமாகத்தான் இருக்கிறது. மந்தைவெளிக்கு அருகே ஓரிடத்தில் நின்று பார்த்தேன். ஒரு காலத்தில் எதிரெதிரே இரண்டு படகுகள் விலகிப் போன நீர்வழி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழியோடு இதையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியலில் மீண்டும் ஒரு புதுப் பெயர். சென்னைக்குள் படகு வரவில்லை.

கால்வாய்க்கரையில் குடியிருந்தவர்களின் கதை இன்னொன்று. நகரம் கைவிட்ட கரையில்தான் நகரத்துக்கு உழைக்கிறவர்கள் குடிசை போட முடிந்தது. தூர்வாரவும் அழகுபடுத்தவும் வெள்ளத்தைத் தடுக்கவும் என்று ஒவ்வொரு முறை திட்டம் வரும்போதும் ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் இருந்தவர்களைத்தான் முதலில் எழுப்பினார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே அடுக்கடுக்காகக் குடியிருப்புகள் எழுந்தன. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, காலை 6 மணிக்கு வேலை வீட்டில் இருக்க வேண்டுமென்றால் இப்போது 4 மணிக்கு எழ வேண்டும். இரண்டு பேருந்து மாற வேண்டும். மதியம் வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்ப முடியாது. முதலில் ஒரு வீட்டு வேலை போகிறது, பிறகு இன்னொன்று. வேலை வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பெண்களுக்கு வசதி அல்ல, வருமானமே அதுதான் என்பதை அந்த வரைபடங்களை வரைந்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1877-இன் தூரச் சோதனை எனக்கு அப்போது மறுபடி நினைவுக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணகி நகருக்குப் பக்கத்தில்தான் ஒக்கியம் மடுவு ஓடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் அதன் வழியாக வந்து பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. வெள்ள ஆபத்து என்று சொல்லி ஒரு கால்வாய்க்கரையிலிருந்து எழுப்பியவர்களை, அதே கால்வாயில் போய்ச் சேரும் வெள்ளத்தின் பாதைக்கு அருகிலேயே குடியமர்த்தியிருக்கிறோம். நீதி கேட்டு ஊரை எரித்தவளின் பெயரையும் அந்த இடத்துக்கு வைத்திருக்கிறோம்.

வடக்கே போனால் கதை இன்னும் கடுமை. எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் இருளர் பெண்களும் ஆண்களும் முழங்கால் ஆழ நீரில் குனிந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். வலையும் படகும் இல்லாதவர்களின் தொழில் அது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் அந்தச் சேற்றை மூடிவந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மீன் வாங்க ஆளில்லாமல் போனபோது, பிடிக்கிறவர்களோடு கூடையில் வைத்து விற்கும் பெண்களுக்கும் வருமானம் நின்றது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் கொண்டுவந்த வழி இப்போது எதைக் கொண்டுவருகிறது என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் கால்வாய் நமக்கு நன்மை செய்திருக்கிறது. 2004 சுனாமியின்போது கடலோரம் நெடுக, உள்ளே பாய்ந்த நீரை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பியதில் இதற்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டினி வயிறுகள் தோண்டிய பள்ளங்களும் அதில் அடங்கும்.

அதனால்தான் இதை நாறும் சாக்கடை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கட்டடங்களையும் சிலைகளையும் நாம் பாரம்பரியச் சின்னங்கள் என்கிறோம். தலைவர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும் மெரினா, இந்தக் கால்வாயிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. உழைப்பாளர் சிலையில் பாறையைப் புரட்டும் நான்கு பேரும் ஆண்கள். கூடை சுமந்து கரையேறும் பெண்ணுக்குச் சிலை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சேப்பாக்கம் நிலையத்திலோ முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையத்திலோ ஒரு பலகையாவது வைக்கலாம். ‘இந்தக் கால்வாயின் இப்பகுதி 1877-78 பஞ்சத்தில் அரைக்கூலிக்கும் குறைந்த உணவுக்கு உழைத்த பெண்களாலும் ஆண்களாலும் குழந்தைகளாலும் வெட்டப்பட்டது’ என்று. பெயர்கள் கிடைக்காது. செய்ததையாவது எழுதி வைக்கலாமே.

மாலையில் திரும்பி வந்தபோது பூக்கார அம்மா கூடையைக் காலி செய்துகொண்டிருந்தார். “பாத்தியா? என்ன இருந்துது அங்க?” என்று கேட்டார். பஞ்சத்தையும் கூலியையும் மண் சுமந்தவர்களையும் பற்றி எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். கேட்டுக்கொண்டே மிச்சமிருந்த கதம்பத்தை முழம் போட்டு எனக்குக் கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்கிக்கொண்டு, சும்மாடுத் துணியை உதறித் தலையில் சுற்றியபடி கேட்டார்: “பொம்பளைக்கு எவ்ளோ கொறச்சுக் குடுத்தான்னு சொன்ன?”